மருந்து மாறிப்போனால் செவிலியரைச் சிறையில் போடலாமா? நாஷ்வில் வழக்கும் 'ஐந்து சரி' பாடமும்

நர்சிங் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்யவைக்கிற பாடம் 'ஐந்து சரி'. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடலாம். இதில் இரண்டாவது 'சரி' தவறியதற்காக 2022 மார்ச் 25 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு செவிலியரை ஜூரி குற்றவாளி என்று அறிவித்தது. லைசென்ஸ் பறிபோனதோடு நிற்கவில்லை, கிரிமினல் குற்றமாகவே பதிவானது.

இந்த வழக்கைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. "லேபிளைக்கூடப் படிக்காதவருக்கு என்ன பரிதாபம்" என்று ஒரு கட்சி, "மருத்துவமனை தப்பித்துக்கொண்டு நர்ஸை மாட்டிவிட்டது" என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் முதலில் அன்று நடந்ததை வரிசையாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று நடந்தது

2017 டிசம்பர் 24 அன்று 75 வயதுப் பெண் ஒருவர் மூளையில் ரத்தக்கசிவோடு நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இரண்டு நாளில் நன்றாகவே தேறியிருந்தார். 26-ம் தேதி ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனார்கள். மூடிய இயந்திரத்துக்குள் படுக்க அவருக்குப் பயமாக இருந்ததால், பதற்றம் தணிய 'வெர்செட்' ஊசி போடச் சொல்லி மருத்துவர் எழுதினார். வெர்செட் என்பது கம்பெனி வைத்த பெயர், அதே மருந்தின் பொதுப்பெயர் மிடசோலம். பின்னால் நடந்த அத்தனைக்கும் தொடக்கம் இந்த இரட்டைப் பெயர்தான்.

ஐசியுவில் அன்று டூட்டியில் இருந்த ரடோண்டா வாட் என்ற செவிலியருக்குத் தனியாக நோயாளி ஒதுக்கப்படவில்லை. யாருக்கு ஆள் தேவையோ அங்கே போய்க் கைகொடுப்பது அவர் வேலை. கூடவே புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குப் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்தார். அதன்பின் நடந்தவை இவை:

1. மருந்தை எடுக்க, கம்ப்யூட்டரோடு இணைந்த மருந்து அலமாரிக்குப் போனார். நோயாளியின் பட்டியலில் வெர்செட் என்று தேடினார், கிடைக்கவில்லை. மிடசோலம் என்ற பெயரில் அது அங்கே இருந்தது. மருந்தாளரின் ஒப்புதலும் சில நிமிடம் முன்பே வந்திருந்தது.

2. 'ஓவர்ரைடு' பொத்தானை அழுத்தினார். அதாவது மருந்தாளர் ஒப்புதலைத் தாண்டி, அவசரத்துக்கு நேரடியாக எடுக்கும் வழி. இப்போது அலமாரியில் உள்ள மருந்துகளின் பெரிய பட்டியல் திறந்தது.

3. வெர்செட்டின் முதல் இரண்டு ஆங்கில எழுத்தை மட்டும் அடித்தார். முதலில் வந்தது வெக்குரோனியம். அதையே எடுத்தார்.

4. வெர்செட் திரவமாக வரும். வெக்குரோனியம் பொடி, தண்ணீர் சேர்த்துக் கரைத்தால்தான் ஊசியில் ஏற்ற முடியும். வித்தியாசமாக இருக்கிறதே என்று தோன்றியும், பின்பக்கம் இருந்த கரைக்கும் முறையைப் பார்த்துக் கரைத்தாரே தவிர முன்பக்கம் இருந்த பெயரைப் படிக்கவில்லை. குப்பியின் மூடியிலேயே 'எச்சரிக்கை: தசைகளை முடக்கும் மருந்து' என்று அச்சடித்திருந்தது.

5. ஸ்கேன் பகுதியில் பார்கோடு ஸ்கேனர் இல்லை. இருந்திருந்தால் குப்பியையும் நோயாளியின் கைப்பட்டையையும் ஒப்பிட்டு அங்கேயே அலறியிருக்கும்.

6. ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். சுமார் அரை மணி நேரம் கழித்து, நோயாளியை அழைத்துப்போக வந்த ஊழியர்தான் அவர் அசைவில்லாமல் கிடப்பதைப் பார்த்தார். மறுநாள் அந்தப் பெண் இறந்துபோனார்.

இரண்டு மருந்துக்கும் எவ்வளவு தூரம்

மிடசோலம் மனசை அமைதிப்படுத்தும், தூக்கம் வரவைக்கும். அளவு மீறினால் மூச்சைத் தாழ்த்தும், ஆனால் அதை முறிக்கும் மருந்து உண்டு. வெக்குரோனியம் வேறு இனம். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை அது அறுத்துவிடும். மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய் போட்டு, வென்டிலேட்டரில் வைத்த நோயாளிக்குத்தான் அதைப் போடுவார்கள். சில நிமிடத்தில் கை, கால், கடைசியில் மூச்சு விடும் தசைகளும் நின்றுவிடும். நினைவை மட்டும் அது தொடாது. அந்தப் பெண்ணுக்கு மயக்கம் கொடுக்கப்படவில்லை, மூச்சுக்குழாயும் இல்லை. சுற்றி நடப்பது தெரிந்தபடியே, கூப்பிடக்கூட முடியாமல் மூச்சு நின்றிருக்கும். இந்த வழக்கை அலசும்போது பலரும் சட்டத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் தாவிவிடுகிறார்கள். இதை ஒரு நிமிடம் நின்று யோசித்த பிறகே மற்றதைப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

'ஐந்து சரி' எதைச் சொல்லவில்லை

'ஐந்து சரி'யைப் பாடமாக நடத்தும்போது ஒரு விஷயம் விட்டுப்போகிறது. அது சேர வேண்டிய ஊரின் பெயர் மட்டும்தான், போகும் பாதை அதில் இல்லை. 'சரியான மருந்து கொடு' என்கிறது. கையில் இருப்பது சரியான மருந்துதான் என்று எப்படி உறுதி செய்வது என்று சொல்லவில்லை. மருந்துத் தவறுகளை ஆராயும் அமெரிக்க நிறுவனமான ஐஎஸ்எம்பி இதைப் பல வருஷமாகச் சொல்லிவருகிறது. ஐந்தும் குறிக்கோள், அதை எட்டும் வழியை மருத்துவமனை அமைத்துக் கொடுக்க வேண்டும், வெளிச்சம், லேபிள், ஆள்பலம், ஸ்கேனர் எதுவுமே சரியில்லாமல் 'நீ ஏன் ஐந்தையும் கடைப்பிடிக்கவில்லை' என்று செவிலியரை மட்டும் கேட்பதில் நியாயமில்லை என்பது அவர்கள் வாதம்.

நம் வார்டிலேயே பார்க்கலாம். 'சரியான நோயாளி' என்பதை எப்படி உறுதி செய்கிறோம்? "பத்தாம் நம்பர் பெட்டுக்கு ஊசி போட்டாச்சா?" என்பதுதான் பல இடங்களில் வழக்கம். காலையில் பத்தாம் நம்பரில் இருந்தவர் மதியம் வேறு கட்டிலுக்கு மாறியிருப்பார். அப்புறம், "நீங்கதானே லட்சுமி அம்மா?" என்று கேட்கும் பழக்கம். காது சரியாகக் கேட்காத, பாதித் தூக்கத்தில் இருக்கும் பாட்டி எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு, அவர் வாயால் சொல்லவைத்து, கைப்பட்டையில் உள்ள பதிவு எண்ணோடு ஒப்பிட்டால்தான் அது சோதனை. ஒரே கேள்விதான், கேட்கும் விதத்தில் உயிர் இருக்கிறது.

அதேபோல 'இருவர் சரிபார்ப்பு'. இன்சுலின், ஹெப்பாரின் மாதிரி ஆபத்து அதிகமான மருந்துக்கு இன்னொருவர் பார்க்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில், ஊசியை ஏற்றிவிட்டு "அக்கா, எட்டு யூனிட் சரிதானே?" என்று கேட்கிறோம், அவரும் போகிறபோக்கில் "ம், சரி" என்கிறார். விடையை முதலிலேயே சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் கண்ணுக்கும் எட்டுதான் தெரியும். இரண்டாமவர் கேஸ் ஷீட்டைத் தானே பார்த்து, தானே கணக்குப் போட்டு, அப்புறம் ஊசியைப் பார்க்க வேண்டும். அதுதான் தனிச் சரிபார்ப்பு.

ஓட்டைகள் ஒரே கோட்டில் வந்தால்

பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் சொன்ன 'சுவிஸ் சீஸ்' உவமையை நர்சிங் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். நம் ஊருக்கு இடியாப்பத் தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டையுள்ள பல தட்டுகளை அடுக்கினால் ஒன்றின் ஓட்டையை இன்னொன்று மூடிவிடும். எல்லா ஓட்டையும் ஒரே கோட்டில் வரும் நாளில் மட்டும் தவறு நோயாளி வரைக்கும் போய்ச் சேரும்.

நாஷ்வில்லில் இருந்த தட்டுகளை எண்ணிப் பாருங்கள். மருந்தின் இரு பெயரையும் சேர்த்துத் தேடாத அலமாரி ஒன்று. இரண்டு எழுத்துக்கே மருந்தைக் காட்டும் மென்பொருள் இன்னொன்று. அந்த மாதங்களில் மருத்துவமனை புதிய கம்ப்யூட்டர் முறைக்கு மாறியிருந்தது, மருந்து கிடைக்கத் தாமதமானதால் ஓவர்ரைடு செய்வது அன்றாடப் பழக்கமாகவே ஆகியிருந்தது என்று விசாரணையில் வாட் தரப்பு சொன்னது. ஸ்கேன் பகுதியில் பார்கோடு வசதி இல்லை. இப்படிப்பட்ட மருந்து கொடுத்தபின் நோயாளியை எப்படி, எவ்வளவு நேரம் கண்காணிப்பது என்று மருத்துவமனை விதிமுறையில் தெளிவு இல்லை என்பதை அமெரிக்க மத்திய அரசின் ஆய்வு அறிக்கை குறிப்பிட்டது. மருந்தை எடுக்கும்போது பயிற்சியாளரோடு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் கடைசித் தட்டைச் சின்னதாக நினைக்க வேண்டாம். சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் மருந்து கொடுப்பதைக் கூடவே நின்று கவனித்த ஆய்வு ஒன்று 2010-ல் வந்தது. நடுவில் யாராவது குறுக்கிடும் ஒவ்வொரு தடவைக்கும் தவறு நேரும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம் கூடுவதாக அது காட்டியது. நம் வார்டில் மருந்து ட்ரேயோடு நிற்கும் சிஸ்டரை எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணினால் பயமாக இருக்கும்.

மூன்று வகைத் தவறு

பல மருத்துவமனைகள் இப்போது பின்பற்ற முயலும் முறைக்கு 'ஜஸ்ட் கல்ச்சர்' என்று பெயர், 'நியாயமான பணிச்சூழல்' என்று சொல்லலாம். தவறு செய்தவரைத் தண்டிப்பதா விடுவதா என்று முடிவெடுக்கும் முன், நடந்தது எந்த வகை என்று பிரிக்கச் சொல்கிறது:

1. கைபிசகு. செய்ய நினைத்தது ஒன்று, கை செய்தது இன்னொன்று. பட்டியலில் பக்கத்து வரியைத் தொட்டுவிடுவது மாதிரி. இதற்கு ஆறுதல் சொல்லி, அந்த வரி இனிமேல் பக்கத்தில் வராதபடி மாற்ற வேண்டும்.

2. துணிச்சல் பழக்கம். விதியை மீறுகிறோம் என்று தெரியும், ஆனால் எல்லோரும் செய்கிறார்கள், இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஆபத்தாகவே தெரியாது. பெட் நம்பரை வைத்து மருந்து கொடுப்பது இதுதான். இதற்கு அறிவுரையும் பயிற்சியும் தேவை, அதோடு அந்தப் பழக்கத்தை வளர்த்த காரணத்தைத் தேடிச் சரிசெய்யவும் வேண்டும்.

3. தெரிந்தே செய்யும் அலட்சியம். ஆபத்து கண் முன்னால் தெரிந்தும் "என்னவோ ஆகட்டும்" என்று போவது. தண்டனை இதற்குத்தான்.

வாட் செய்தது எந்த வகை? என் கணிப்பில் ஓவர்ரைடு இரண்டாம் வகை. தவறான பெயரைத் தேர்ந்தது முதல் வகை. லேபிளைப் படிக்காததும், ஊசி போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்காமல் போனதும் இரண்டாம் வகையின் கடைசி ஓரத்தில் நிற்கின்றன. அரசுத் தரப்பு அவற்றை மூன்றாம் வகையாகவே பார்த்தது. மூன்றாம் வகை என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர் கையில் இருப்பது வெர்செட் என்றே நம்பினார். அதற்காக அவர் பக்கம் முழுதாகச் சாயவும் முடியவில்லை. அவர் நினைத்தபடியே அது மிடசோலமாக இருந்திருந்தாலும், மூச்சைத் தாழ்த்தக்கூடிய மருந்தை வயதான, மூளையில் ரத்தக்கசிவு உள்ள நோயாளிக்கு ஏற்றியபின் நாடி, மூச்சு, ஆக்சிஜன் அளவு பார்க்காமல் விட்டுப் போகக் கூடாது. மருந்து மாறியதை அமைப்பின் மேல் பாதி போடலாம், இதைப் போட முடியாது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் முதல் சில நிமிடத்திலேயே அம்பு பேக் (கையால் அழுத்திக் காற்று செலுத்தும் பை) பிடித்து மூச்சு கொடுத்திருக்கலாம், வெக்குரோனியத்தின் வேகம் தணியும்வரை மூச்சைத் தாங்கிப் பிடித்தால் பிழைக்க வழி இருந்தது.

வழக்கு போன பாதை

தவறு தெரிந்த அன்றே வாட் ஒப்புக்கொண்டார், எதையும் மறைக்கவில்லை. 2018 ஜனவரியில் வேலை போனது. மருத்துவமனை இந்த மரணத்தை மருந்துத் தவறு என்று அரசிடம் சொல்லவில்லை, இயற்கை மரணமாகவே பதிவானது. குடும்பத்தோடு கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆனது. பெயர் சொல்லாத யாரோ புகார் அனுப்பியதால்தான் 2018 இறுதியில் மத்திய அரசின் ஆய்வு நடந்து விஷயம் வெளியே வந்தது. 2019 பிப்ரவரியில் அவரைக் கைது செய்தார்கள். முதலில் 'நடவடிக்கை தேவையில்லை' என்று விட்ட மாநில நர்சிங் வாரியம், முடிவை மாற்றி 2021-ல் லைசென்ஸைப் பறித்தது. 2022 மார்ச்சில் ஜூரி இரண்டு குற்றங்களை உறுதி செய்தது: அலட்சியத்தால் மரணம் விளைவித்தது, ஆதரவற்ற நிலையில் உள்ள பெரியவரைக் கவனிக்காமல் விட்டது. மே மாதம் நீதிபதி மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும் விதித்தார், சிறை இல்லை. மருத்துவமனை மேல் கிரிமினல் வழக்கே வரவில்லை.

செவிலியர்கள் கொதித்தது இதில்தான். ஒப்புக்கொண்டவர் கூண்டில், மறைத்தவர்கள் வெளியே. அமெரிக்க செவிலியர் சங்கம் இந்தத் தீர்ப்பு தவறுகளைச் சொல்லவே பயப்படவைக்கும் என்று அறிக்கை விட்டது. அந்தப் பயம் வீணானது என்று யாரும் சொல்ல முடியாது. மருந்து பாதுகாப்பு என்பதே 'தப்பு நடந்துவிட்டது' என்று யாரோ வாய் திறப்பதில்தான் ஆரம்பிக்கிறது. அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல்களை (ஊசிமருந்து அடைத்த சின்னக் குப்பிகளை) வார்டு அலமாரியிலிருந்து எடுத்துப் பூட்டிவைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? சாதாரணத் தண்ணீர் ஆம்பியூல் என்று நினைத்து நேரடியாக ஏற்றி இதயம் நின்ற சம்பவங்களை யாரோ எழுதிவைத்ததால் வந்தது. இந்த வழக்குக்குப் பிறகும் ஐஎஸ்எம்பி, மருந்து அலமாரியில் குறைந்தது ஐந்து எழுத்து அடித்தால்தான் மருந்து காட்ட வேண்டும் என்று வலியுறுத்தியது. 2024-ல் கென்டக்கி மாநிலம் மருத்துவப் பணியாளர்களின் சாதாரணத் தவறுகளுக்குக் கிரிமினல் வழக்கு இல்லை என்று சட்டமே போட்டது. கடும் அலட்சியத்துக்கும் வேண்டுமென்றே செய்வதற்கும் அதில் விலக்கு கிடையாது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது

இங்கே 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. சிகிச்சையில் நேரும் சாதாரணக் கவனக்குறைவு கிரிமினல் குற்றம் ஆகாது, அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், வழக்கு தொடரும் முன் சம்பந்தமில்லாத ஒரு மருத்துவரின் கருத்தைப் போலீஸ் வாங்க வேண்டும், எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்றது.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 304ஏ பிரிவின் இடத்தில், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-வது பிரிவு வந்திருக்கிறது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்து வருஷம் வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்தால் இரண்டு வருஷம் வரை. இதில் நர்சிங் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம், 'பதிவு பெற்ற மருத்துவர்' என்பதற்கு அந்தப் பிரிவு கொடுக்கும் விளக்கம். மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டும்தான். செவிலியர் பெயர் இருப்பது நர்சிங் கவுன்சில் பதிவேட்டில். ஆக, எழுத்துப்படி பார்த்தால் ஒரே படுக்கையருகே நடந்த ஒரே தவறுக்கு மருத்துவருக்கு அதிகபட்சம் இரண்டு, செவிலியருக்கு ஐந்து. இது அநியாயம், செவிலியர் சங்கங்கள் உரக்கக் கேட்க வேண்டிய கேள்வி.

நாளைக் காலை டூட்டியில்

பெரும்பாலான நம் வார்டுகளில் கம்ப்யூட்டர் அலமாரியும் இல்லை, பார்கோடும் இல்லை. அதனால் நம்மிடம் இருக்கும் தட்டுகள் குறைவு, இருப்பதை ஓட்டையில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1. லேபிளை மூன்று தடவை படிப்பது: எடுக்கும்போது, ஊசியில் ஏற்றும்போது, நோயாளி பக்கத்தில். மூன்றாவது தடவைக்குக் குப்பி கையோடு வர வேண்டும். ஏற்றிவிட்டுக் குப்பியை ட்ரீட்மென்ட் ரூமிலேயே போட்டுவிட்டு வந்தால் மூன்றாவது சோதனையே இல்லை.

2. கேஸ் ஷீட்டில் கம்பெனிப் பெயர் இருந்தால் பொதுப்பெயரையும் தெரிந்துகொண்டு இரண்டையும் சொல்லிப் பார்ப்பது. தெரியாவிட்டால் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

3. போனில் சொல்லும் ஆர்டரைத் திருப்பிச் சொல்வது. அட்ரினலினும் அட்ரோபினும் இரைச்சலில் ஒரே மாதிரி கேட்கும், டோபமினும் டோபுட்டமினும் அப்படித்தான்.

4. மருந்து வழக்கம்போல் இல்லை என்றால் நிறுத்துவது. திரவமாக வருவது பொடியாக இருக்கிறது, ஒரு நோயாளிக்கு நான்கு ஆம்பியூல் உடைக்க வேண்டியிருக்கிறது, நிறம் மாறியிருக்கிறது. அந்த நெருடல்தான் கடைசித் தட்டு. நாஷ்வில்லில் அது எட்டிப் பார்த்தது, நேரம் கொடுக்கப்படவில்லை.

5. தூக்கம் தரும், மூச்சைத் தாழ்த்தும் எந்த மருந்துக்கும் பிறகு நோயாளி பக்கத்தில் நிற்பது, ஆக்சிஜன் அளவையும் மூச்சு எண்ணிக்கையையும் குறிப்பது. வேறு வேலை கூப்பிட்டால் ஆளை நிறுத்திவிட்டுப் போவது.

6. தவறு நடந்துவிட்டால்: முதலில் நோயாளியைப் பார்ப்பது, உடனே மருத்துவரையும் வார்டு பொறுப்பாளரையும் கூப்பிடுவது, அப்புறம் நேரம், மருந்து, அளவு, நோயாளியின் நிலை என்று நடந்ததை மட்டும் எழுதுவது. யார் மேல் தவறு என்று அதில் எழுத வேண்டாம், பழைய பதிவைத் திருத்தவே கூடாது. குப்பியையும் மீதி மருந்தையும் தூக்கிப் போடாமல் எடுத்துவைப்பது. நாஷ்வில்லில், மீதி மருந்தையும் குப்பியையும் போட்டுவைத்திருந்த சின்னப் பிளாஸ்டிக் பையை இன்னொரு செவிலியர் எடுத்துப் பார்த்து, "நீங்கள் கொடுத்தது இதுவா?" என்று கேட்டபோதுதான், போட்டது வெர்செட் இல்லை என்பது வாட்டுக்கே தெரிந்தது.